கொசுறுப் பால்

மலைத்தீ அடங்காமல் ஊரெல்லாம் புகை நின்றது. ஒச்சம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வீடு வீடாகப் பால் ஊற்றிவந்தாள். காய்ந்த புல்லைக் கொளுத்தினால் மாட்டுக்குக் கொழுந்து கிளம்பும் என்று வருஷா வருஷம் செய்கிறதைத்தான் இந்த மாசியிலும் யாருக்கும் தெரியாமல் செய்தாள். காற்று இப்படித் திரும்பும் என்று யார் கண்டது? கருகின சரிவில் கொழுந்து வந்துவிட்டது. தீ மட்டும் அடுத்த மலைக்குத் தாவி இன்னும் எரிகிறது.

அணைக்கப் போன ராசாங்கம் இரண்டு காலும் வெந்து கிடந்தான். அவன் வீட்டுக்கு மட்டும் அளந்ததற்கு மேல் கொசுறு ஊற்றுவாள்.

இன்று பெண்டாட்டி மருந்து வாங்கப் போயிருந்ததால், நீட்டின காலோடு உட்கார்ந்தபடி அவனே சொம்பை ஏந்தினான்.

"நேத்துப் பால்ல பச்சப்புல்லு வாசம் அடிச்சுச்சு மதினி. எங்க மாடு தீவனமில்லாம மடி வத்திக் கெடக்கு. நீங்க எங்க மேய்க்கிறீங்க? சொன்னா எங்க வீட்லயும் ஓட்டிட்டுப் போவா."

ஒச்சம்மா தூக்குவாளியைச் சாய்த்தாள். சொம்பு நிரம்பி, அவன் காலில் சுற்றியிருந்த கட்டின் மேல் பால் வழிந்தது.

"போதும் மதினி," என்றான். அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.