ஸ்டேஷனில் நிலா

"நிலா ஸ்டேஷன்ல கீறா. கெளம்பு," என்றாள் பொன்மணி.

கதிரேசன் கட்டிலை விட்டு எழவில்லை. "நான் அந்தப் படி ஏற மாட்டேன்னு உனக்குத் தெரியும். நீ போய் இட்டுகினு வா."

"பெத்த நைனா நீ இருக்கசொல்ல நான் ஏன் தனியா போய் நிக்கணும்? எந்திரி."

பெரும்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து அடையாறு போய்ச் சேர்ந்தார்கள். போலீஸ் ஸ்டேஷனின் அந்தப் பழைய சிவப்புக் கட்டடத்தைப் பார்த்ததும் கதிரேசன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இங்க லாக்கப்புல வெச்சுதான் என்னை அடிச்சாங்க பொன்மணி. இன்னும் முதுகு நோவுது."

"தெரியும். அதே ரூம்லதான் இப்ப உம் பொண்ணு கீறா. அவளுக்கே பயமில்ல, உனக்கு இன்னா?" கணவனின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள்.

லாக்கப்பில் கம்பிகள் இல்லை. தரையில் ஜமக்காளம் விரித்து ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே நிலா மைக் பிடித்துக் கானா பாடிக்கொண்டிருந்தாள். மூடிக் கிடந்த அந்த நூறு வருஷத்து ஸ்டேஷனை எல்லாருக்கும் பொதுவான கலை மையமாக மாற்றி அன்றுதான் திறந்திருந்தார்கள்.

பாடி முடித்தவள் அப்பாவைப் பார்த்துவிட்டாள்.

"அடுத்து எங்க நைனா பாடுவாரு. சாவு வீட்டுல கானா பாடுனதுக்காக அவரை இதே ரூம்லதான் அடைச்சு வெச்சாங்க. அதுக்கப்புறம் அவரு பாடுனதே இல்ல."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பொன்மணி அவர் கையை விட்டாள். கதிரேசன் நேராக நடந்துபோய் மைக்கை வாங்கினார். அந்தச் சாவு வீட்டில் போலீஸ் வந்து பாதியில் நிறுத்திய பாட்டை முதல் அடியிலிருந்து ஆரம்பித்தார்.