மைனா பாட்டின் கடைசி வரி

பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பு ஜன்னலுக்கு மேலே ஒரு பொந்து. அதில்தான் மைனா பிறந்து வளர்ந்தது. பிள்ளைகள் பாடப் பாட அதுவும் பாடப் பழகியது. பிறகு மரத்துக்கு மரம் கச்சேரி செய்து பேரும் வாங்கியது. இப்போது அதற்குத் தொண்டை வறண்டு, இறக்கை தொங்கிப்போயிருந்தது.

"போதும் அக்கா, நிறுத்திக்கோயேன்," என்றது அணில்.

"நிறுத்தத்தான் பார்க்கிறேன். பாட்டோட கடைசி வரி விடமாட்டேங்குதே."

"அப்படி என்ன வரி?"

மைனா கண்ணை மூடிப் பாட்டை முழுசாகப் பாடியது. முடிவில் டீச்சரின் குரலிலேயே சொன்னது: "சரியா வரலை. மறுபடியும் முதல்லேர்ந்து!"

"அந்த வரியை மட்டும் விட்டுட்டுப் பாடேன்!"

"டீச்சர் ஒருநாள்கூட விட்டதில்லையே," என்று பெருமூச்சு விட்ட மைனா, முதல் அடியை எடுத்தது.