அந்தப் பக்கத்துக் கை

மலைப்பண்ணையைச் சுற்றிப் பார்க்க வந்த முதல் நாளே, படம் எடுப்பதற்காகக் கல்சுவரில் சாய்ந்து அதில் நாலடியைச் சரித்துவிட்டேன். பாதிக் கற்கள் இந்தப் பக்கம் விழுந்தன. மீதி அந்தப் பக்கம், பனிமூட்டத்துக்குள் போய்விட்டன. என் எடையைப் பற்றி டாக்டர் சொன்னபோதே நம்பியிருக்கலாம்.

“சாயங்காலம் ஆடுங்க வர்றதுக்குள்ள அடைச்சாகணும். அந்தப் பக்கம் போனது எதுவும் திரும்பாது,” என்றாள் பண்ணைக்கார அக்கா.

“நானே கட்டுறேன்க்கா. கட்டி முடிக்காம சாப்பிட மாட்டேன்.”

“அதையும் பாப்போம்.”

இந்தப் பக்கக் கற்கள் தீர்ந்தபோது, மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கை கல்லை நீட்டியது. அக்காவின் வீட்டுக்காரர்தான் ஆடு மேய்க்கப் போன இடத்திலிருந்து உதவுகிறார் என்று நினைத்து வாங்கிக்கொண்டேன். என் விரல் நசுங்கியது, தோள் கழன்றது. நான் விடவில்லை. “கொஞ்சம் சின்னதா குடுங்கண்ணே,” என்றால் சின்னதாக வந்தது. என் ஜோக்குக்கு மட்டும் சிரிப்பில்லை. அது எனக்குப் பழக்கம்தான்.

“அண்ணன் ஏங்க்கா இந்தப் பக்கம் வர மாட்டேங்கிறாரு?”

“கல்லை வாங்கி வைங்க தம்பி. எட்டிப் பாக்காதீங்க.”

கடைசிக் கல்லை வைத்து நிமிர்ந்தேன். வீட்டுக்குப் பின்னாலிருந்த பாதையில், அவள் வீட்டுக்காரர் அப்போதுதான் ஆடுகளோடு ஏறி வந்துகொண்டிருந்தார்.

“அக்கா, அப்போ கல்லு குடுத்தது யாரு?”

அக்கா சுவரை ஒருமுறை அழுத்தித் தள்ளிப் பார்த்தாள். அது அசையவில்லை.

“தெரியாது தம்பி. அந்தப் பக்கம் நிக்க இடமே கிடையாது. மலை இந்தச் சுவரோட முடிஞ்சுபோச்சு.”