ஏர்போர்ட் சவாரி

போன் மூன்றாவது தடவை அடித்தது.

அவள் எடுக்கவில்லை. திரையில் இருந்த 'அப்பா'வை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். அதிர்வு மணிக்கட்டு வரை ஏறியது.

முன்னால் பதினான்கு பேர். அதற்கு அப்பால், பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் மேஜைகள். திறந்து அதிக நாளாகாத ஏர்போர்ட். தரையில் அவள் முகமே தெரிந்தது.

அம்மாவின் குரல் வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே வந்திருந்தது. பதினொரு வினாடி.

"ஏட்டி, அப்பாகிட்ட சொல்லிட்டேன். மறைக்க முடியலட்டி. வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாவ. ஒன்னக் கூட்டிட்டுத்தான் வருவாவளாம்."

காலையில் அப்பா குளிக்கப் போன நேரத்தில்தான் அம்மாவிடம் சொன்னாள். ஜெர்மனியில் நர்ஸ் வேலை. மதியம் ஒன்றரைக்கு விமானம். திங்கட்கிழமை அங்கே போய் நிற்காவிட்டால் வேலை இன்னொருத்திக்குப் போய்விடும். ரகசியமாக இரண்டு வருஷம் அந்த பாஷை படித்ததெல்லாம் வீண்.

எந்த ஏர்போர்ட் என்று அம்மா கேட்கவில்லை.

அவர்கள் குடியிருக்கும் கோலிவாடாவில் யாரும் கேட்க மாட்டார்கள். மும்பையில் ஏர்போர்ட் என்றால் அவர்களுக்கு ஒன்றுதான். சகார்.

போன ஞாயிற்றுக்கிழமையோடு, அவள் டிக்கெட் எடுத்த விமானக் கம்பெனி தூர தேசத்து விமானங்களைச் சகாரிலிருந்து எடுத்துவிட்டது. இப்போது எல்லாம் கழிமுகத்துக்கு இந்தப் பக்கம், பன்வெல் போகிற வழியில் இருக்கும் புது ஏர்போர்ட்டிலிருந்து. மெயில் வந்தபோது மூன்று முறை படித்தாள். அழித்துவிட்டாள்.

அப்பா முப்பது வருஷமாக டாக்ஸி ஓட்டுகிறவர். அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் நான்கு வருஷமாக அவர் ஏர்போர்ட் சவாரி எடுப்பதில்லை.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் மஸ்கட்டிலிருந்து வந்தான். சரக்கு இறக்கும் வாசல் வழியாக. பெட்டியில்.

அப்பா காலை ஏழு மணியிலிருந்து அந்த வாசலில் நின்றார். ஏதோ ஒரு தாளில் கையெழுத்து குறைகிறது என்றார்கள். சாயங்காலம் வரை நின்றார். யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். உட்காரவில்லை.

இந்த வீட்டில் இனி ஒருத்தரும் பிளேன் ஏறக் கூடாது என்று அன்றைக்குச் சொன்னார். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

போன் மறுபடி அடித்தது.

எடுத்தாள்.

ஹார்ன் சத்தம். விசில். அதற்கு நடுவே அப்பா.

"இசக்கி, சர்ட்டிபிகேட் கவர வீட்லயே விட்டுட்டுப் போயிட்டட்டி. நா கொண்டாந்திருக்கேன். வாசல்லதான் நிக்கேன். வெளிய வந்து வாங்கிட்டுப் போ."

அங்கேயே குந்தி உட்கார்ந்து பையைத் திறந்தாள். சுவெட்டர். மாத்திரை. அம்மா அவசரமாகத் திணித்த பருப்புப்பொடி. அதற்கும் அடியில் நீல நிறக் கவர்.

இருந்தது. எல்லாத் தாளும் இருந்தது.

அப்பா பொய் சொல்லி அவள் கேட்டதே இல்லை. வண்டியில் வழி நெடுக இதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருப்பார்.

"இசக்கி?"

வரிசை நகர்ந்தது. பின்னால் நின்றவரின் பெட்டி அவள் குதிகாலில் இடித்தது. எழுந்து நகர்ந்தாள்.

சகாரிலிருந்து இங்கே வர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். இன்னும் நாற்பது நிமிஷத்தில் விமானத்தில் ஏற்ற ஆரம்பித்துவிடுவார்கள். ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே போதும்.

இங்கே கண்ணாடிக்கு வெளியே அவர் நின்றிருந்தால் அவள் போயிருப்பாள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி நடக்க அவளால் ஆகாது.

"நீ வார வரைக்கும் இங்கனதான் நிப்பேன்," என்றார்.

நிற்பார்.

விமானம் போன பிறகும் நிற்பார். கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்ப்பார். வெயில் இறங்கினாலும் நிற்பார். யாராவது நாற்காலி கொண்டுவந்து போட்டாலும்.

முன்னால் இன்னும் இரண்டு பேர்.

"எப்பா. கவர் எங்கிட்டதான் இருக்கு."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நா அங்க இல்லப்பா. இந்தப் பிளேனு இப்ப சகார்லருந்து போறதில்ல. புது ஏர்போர்ட்டுக்கு மாத்திட்டாங்க. நீங்க அங்க நிக்காதீங்க."

யாரோ வண்டியை எடுக்கச் சொல்லி மராத்தியில் அதட்டினார்கள். அவர் நகர்ந்த மாதிரித் தெரியவில்லை.

திட்டுவார் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். அழுதுவிட்டால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

மேஜைக்குப் பின்னாலிருந்த பெண் விரலை அசைத்து அழைத்தாள். போனை வை என்று சைகை காட்டினாள்.

"எப்பா, கூப்பிடுதாங்க."

"பன்வெல் பக்கமா."

கேட்டது அப்பா.

"ஆமாப்பா."

"அவ்வளவு தூரம் யாரு வண்டியிலட்டி போன?"



போனை அணைக்காமல் மேஜை மேல் வைத்தாள். பாஸ்போர்ட்டை நீட்டினாள்.

முத்திரை விழுந்த சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்.