பன்னிரண்டு வரிசை

அதிகாரி பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்ததுமே விவசாயிக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"மொட்டைக் கடுதாசி வந்திருக்கு. நீங்க தரிசு மானியத்தையும் வாங்கிக்கிட்டு, நிலத்துல திருட்டுத்தனமா விதைச்சிருக்கீங்களாம்."

"எந்தப் புண்ணியவான் வேலை சார் இது?" மனைவி முந்திக்கொண்டாள். "நாங்க நல்லா இருக்கிறது எவன் கண்ணையோ உறுத்துது."

"வடகோடி மூலையில பன்னெண்டு வரிசைன்னு எண்ணி எழுதியிருக்கான். வேலை வெட்டி இல்லாதவன் போல." அதிகாரி சிரித்தார். விவசாயிக்குச் சிரிப்பு வரவில்லை.

நிலத்தடி நீர் ஊறட்டும் என்று, பத்து வருஷம் நிலத்தைச் சும்மா போட்டுவைக்க அரசாங்கம் தரும் பணம்தான் அந்தத் தரிசு மானியம். மூன்று வருஷம் முடிந்திருந்தது. அந்தப் பணத்தில் மனைவி வீடு முழுக்க டைல்ஸ் போட்டிருந்தாள். காலையில் எழுந்தால் அவன் அதன்மேல் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடப்பான். பக்கத்து நிலத்தில் டிராக்டர் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிடுவான்.

மண்வெட்டியைத் தொட்டால் போதும். "உக்காந்த இடத்துல காசு வருதே, கசக்குதா?" என்பாள் மனைவி.

மூவரும் வரப்பில் நடந்தார்கள். பம்ப்செட் அறை வந்ததும் அதிகாரி நின்று கழுத்தைத் துடைத்தார். "போதும். இங்கிருந்தே தெரியுது, எல்லாம் புல்லு."

"முழுசாப் பாத்துடுங்க சார்." விவசாயியின் குரல் கரகரத்தது. "அப்புறம் ஒரு பேச்சு வரக்கூடாது."

மனைவி அவனை முறைத்தாள்.

"எதுக்குங்க இப்படி நடுங்குறீங்க?" என்றார் அதிகாரி. "விதைச்சது உண்மைன்னாலும் ஒப்பந்தம் ரத்தாகும், அவ்வளவுதான். குடுத்ததைத் திருப்பிக் கேக்க மாட்டோம். நீங்களா பாதியில விலகினாத்தான் எல்லாத்தையும் வட்டியோட கட்டணும்."

வடகோடி மூலையில், மண்டிக் கிடந்த புல்லுக்கு நடுவே, முழங்கால் உயரத்துக்கு ஏதோ இளம்பச்சையாக நின்றது. மனைவியின் முகம் வெளுத்ததை அவன் பார்த்தான். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து களையெடுத்தவள். சோளப்பயிர் எதுவென்று அவளுக்கா தெரியாது?

"இது என்ன?" அதிகாரி குனிந்தார்.

"புல்லுதான் சார்," என்றாள் அவள். "மண்ணு அப்படி. இதுல எச்சில் துப்பினாக்கூட முளைக்கும்."

அதிகாரி ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார்.

"ஆமா, புல்லுதான்," என்று இலையைக் கீழே போட்டார். அட்டையில் காகிதத்தை வைத்து எழுத ஆரம்பித்தார்.

"நிலம் தரிசாகவே உள்ளது, புகார் பொய்னு எழுதிட்டேன். இனிமே மிச்ச ஏழு வருஷமும் உங்களை யாரும் வந்து தொந்தரவு பண்ணாம நான் பாத்துக்கிறேன். ஒரு கையெழுத்துப் போடுங்க."

விவசாயி பேனாவை வாங்கினான். பக்கத்து நிலத்தில் டிராக்டர் ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது.

மனைவி அவன் முதுகில் விரலால் குத்தினாள். "போடுங்களேன். சார் வெயில்ல நிக்கிறாரு."

ஏழு வருஷம். அவன் பேனாவை மூடினான். அதை அதிகாரியின் சட்டைப் பையிலேயே செருகினான்.

"அந்தக் கடுதாசியை எழுதினதே நான்தான் சார்."