தலைகீழாகத் தெரிந்தவர்கள்

பார்லரில் சேர்ந்து எட்டு மாதமாகியும் குணவதிக்குத் தலை கழுவும் வேலை மட்டும்தான். அதனால் வருகிறவர்களை அவள் தலைகீழாகவே அறிவாள். தலை கழுவும் பேசின் தொட்டியில் கழுத்தைப் பின்னால் சாய்த்ததும் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். மோவாய் மேலே, நெற்றி கீழே. ஷாம்பூ அரித்த விரலிடுக்குகள் மாலையானால் எரியும். நின்று நின்று கால் வீங்கும். முப்பத்தாறு வயதில் தொழில் கற்க வந்தவள் இதையெல்லாம் யாரிடம் சொல்வது?

இன்று, அவளைவிடப் பத்து வயது இளையவளான முதலாளி ஷெரின், "அக்கா, இவங்களுக்கு நீங்களே வெட்டுங்க" என்று கத்தரிக்கோலைக் கொடுத்தாள். வீட்டிலேயே தலைக்குக் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த பெண்ணைக் குணவதிக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தப் பெண்ணோ கண்ணாடியில் அவளைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"ஷெரின், புது ஆளு வேணாம்மா. எனக்குத் தலை கழுவி விடுவாங்களே, அவங்க கைய வச்சாலே தூக்கம் வரும். அவங்கள வெட்டச் சொல்லேன்."

குணவதி சீப்பால் முடியை ஒதுக்கினாள். இடது காதுக்குப் பின்னால் முடி முளைக்காத ஒரு தழும்பு. சனிக்கிழமைதோறும் அதை வலிக்காமல் சுற்றிப்போனவை அவள் விரல்கள்தாம். கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் அந்தத் தலையின் பின்பக்கத்தில் பதித்தாள்.

"கண்ண மூடிக்கோங்க."

பெண் மூடினாள். கழுத்து தளர்ந்து, தலையின் முழுப் பாரமும் குணவதியின் உள்ளங்கைகளில் இறங்கியது.

"நீங்கதானா?" என்றாள், கண் திறக்காமலே.

"வெட்டுங்கக்கா" என்றாள் ஷெரின்.

கத்தரிக்கோலை எடுக்க, அந்தத் தலையைத் தாங்கும் கைகளில் ஒன்றையாவது விலக்க வேண்டும்.