தோற்றுப்போன கோட்டை

ஜப்பானில் ஒரு மலைக்கோட்டையின் அருங்காட்சியகத்தில், அந்தக் கோட்டையின் பழைய போர்க்கதையை ஓர் இயந்திரம் சொல்லும்; வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து அவர்களுக்குப் பிடித்த முடிவையே சொல்லும். அதனால் அதன் கதையில் கோட்டை ஒருநாளும் தோற்றதில்லை. பொறுக்க முடியாமல் வழிகாட்டி சிசுரு இயந்திரத்தை நிறுத்தினாள்.

"கோட்டை தோத்துச்சு. எதிரிங்க தண்ணியை அடைச்சுட்டாங்க. குழந்தைங்க நாக்கு வறண்டு கிடந்ததைப் பார்க்கச் சகிக்காம, எங்க குலத்துப் பெண் ஒருத்தி கதவைத் திறந்துவிட்டா."

கூட்டம் முகம் சுளித்தது. மேலாளர் மொரிடா ஓடிவந்தார்.

"துரோகி கதையைக் கேட்க யாரும் வரலம்மா. இயந்திரத்தைப் போடு. இல்லேன்னா உன் வேலை போயிடும்."

"போகட்டும் சார். வாசல்ல நின்னு சொல்லுவேன்."

கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள். "அந்தக் குழந்தைங்க என்ன ஆனாங்க?"

"பிழைச்சாங்க," என்றாள் சிசுரு. "இந்த ஊரே அவங்க வம்சந்தான். மொரிடா சாரும்தான்."